தாங்கி

அந்த வார்டில் பிள்ளைகள் யாரும் அழுவதில்லை. பெரியவர்களும் வாய்விட்டு அழுவதில்லை. அவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், அவ்வளவுதான்.

முதல்முறை வருகிறவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. காலில் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளை கட்டிலில் சாய்ந்தபடி யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்து ஸ்டூலில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத அதன் அம்மா முந்தானையைக் கடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று புது நர்சுகள் குழம்பினால் செண்பகவடிவு சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"கட்டுப் போட்டிருக்கது பேஷண்ட். முழிச்சிக்கிட்டிருக்கது தாங்கி" என்பாள்.

தாங்கி என்பது அரசாங்கம் வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாதது. சுமைதாங்கிக் கல்லை நினைத்து யாரோ சொல்லப்போய் இது ஒட்டிக்கொண்டது. பிள்ளையின் கழுத்தில் ஒரு பட்டை, பெற்றவர் கழுத்தில் அதன் ஜோடி. இரண்டையும் பூட்டினால் பிள்ளையின் வலி பெற்றவருக்குப் போய்விடும். 'உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்டா ராசா' என்று எல்லா அம்மாக்களும் சொல்லிவந்ததை ஏதோ ஒரு கம்பெனி காதில் வாங்கிக்கொண்டு செய்தே கொடுத்துவிட்டது.

வடிவுக்கு அந்தப் பட்டைமேல் பக்தி என்றே சொல்லலாம். பட்டை வருவதற்கு முந்திய காலத்தை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளின் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு புண்ணுக்கு மருந்து வைத்தவள் அவள். 'யக்கா விடுங்கக்கா' என்று கெஞ்சிய குரல்கள் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காரும்போது கூடவே உட்காரும். இப்போது வார்டில் ஃபேன் சத்தம் கேட்கிறது. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

அன்று மதியம் அவள் டியூட்டிக்கு வந்தபோது வார்டில் இன்னொரு சத்தமும் கேட்டது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தர்ணிகா, ஒன்றாம் வகுப்பு. முந்தின நாள் இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்து வந்தவள். பெரிய டாக்டரே நின்று எலும்பைப் பொருத்தி, தொடைவரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்.

"ஏட்டி, பெரிய மனுஷி! இன்னும் கிலுக்கு ஆட்டுத வயசா ஒனக்கு?"

"இது எனக்கில்ல சிஸ்டர். எங்க தம்பிப் பாப்பாக்கு."

தம்பிப் பாப்பா பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அம்மா பிள்ளை பெற்ற உடம்போடு அம்பாசமுத்திரத்தில் இருந்தாள். பால் கொடுக்கிற பெண்களைத் தாங்கியாக வைக்கக் கூடாது. ஆகவே அப்பாதான் தாங்கி. சொரிமுத்து, வாழைத்தார் மண்டியில் லோடுமேன். நெடுநாள் கழித்துப் பிறந்த மகளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, தம்பியைக் காட்டக் கூட்டிப்போனவர். வழியில் மகள் கையிலிருந்து கிலுகிலுப்பை நழுவியிருக்கிறது. ஒரு விநாடி திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு விநாடிக்குத்தான் இப்போது கழுத்தில் பட்டையோடு கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் காலியாகவே கிடந்தது.

"எவ்வளவு அண்ணாச்சி?" வடிவு வலிக்கணக்கு எழுதும் பலகையை எடுத்தாள்.

"மூணு."

"உக்காரலாம்லா?"

"நின்னே பழக்கம், சிஸ்டர்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்து அன்று காலையில்தான் வந்திருந்தான். அவன் அம்மா ஜைனம்புக்குப் பட்டையைப் பற்றி ஆயிரம் சந்தேகம்.

"எவ்வளவு வலிக்குன்னு இந்த மிசினே சொல்லிராதா சிஸ்டர்? நம்மட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"இது கரண்டுக் கம்பி மாதிரி, மதனி. கம்பிக்குக் கொண்டுபோகத்தான் தெரியும். எவ்வளவு சுடுதுன்னு தொட்ட ஆளுதான் சொல்லணும். அதான் மணிக்கொருக்க கேக்கோம். ஒண்ணுமே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து. ஏழத் தாண்டிச்சின்னா மறைக்காமச் சொல்லிரணும். உடனே கழட்டி வேற ஆளுக்கு மாத்திருவோம்."

"மாத்த ஆள் இல்லன்னா?"

"பிள்ளைக்கே திரும்பிரும்."

"ஊசி மருந்து எதுவும் போட மாட்டீங்களா?"

வடிவு தன்னை அறியாமல் மூலையிலிருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தாள். முன்பு வலிமருந்துகள் இரட்டைப் பூட்டுக்குள் இருந்த அலமாரி. பட்டை வந்த பிறகு மருந்து வாங்குவதை மேலிடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டது. பெற்றவர்கள் இருக்கும்போது மருந்து எதற்கு என்று யாரோ கேட்டிருப்பார்கள், யாராலும் பதில் சொல்ல முடிந்திருக்காது. ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அலமாரியில் இப்போது போர்வைகள்.

"அதெல்லாம் முன்னால. இப்ப தேவைப்படுததில்ல" என்றாள் வடிவு. "சரி, உங்களுக்கு எவ்வளவு?"

ஜைனம்பு மகனைப் பார்த்தாள். அவன் கட்டுப் போட்ட கையாலேயே ஆரஞ்சு உரிக்க முயன்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு" என்றாள் சட்டென்று.

வடிவு எழுதிக்கொண்டாள்.

மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைகளோடு அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களின் அடியில் ஒரு விரலால் வருடி, "கூசுதா?" என்று கேட்பாள். பட்டை வலியை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். தொடுகை, சூடு, கூச்சம் எல்லாம் பிள்ளையிடமே இருக்கும். கூசினால் உள்ளே எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று பொருள். தர்ணிகாவின் விரல்களை வருடியதும் அவள் கிளுக்கென்று சிரித்தாள். விரல் கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக, நல்ல நிறமாக இருந்தது. கட்டுப் போட்ட மறுநாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வடிவு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள் குனிந்து பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் சொரிமுத்து அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

அடுத்த தடவை கேட்டபோதும் மூணு. அதற்கடுத்ததும் மூணுதான். நல்ல தாங்கி என்று வடிவு மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். சில அப்பாக்கள் அரைமணி நேரத்தில் 'டீ குடிச்சிட்டு வாரேன்' என்று நழுவி, பெண்டாட்டி கழுத்தில் பட்டையை மாட்டிவிடுவார்கள். இவர் தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

வெயில் சாய்ந்து, காப்பி வண்டி வந்துபோன பிறகு வடிவு மறுபடி விரல்களை வருடினாள்.

"கூசுதாட்டி?"

"கூசல. நீங்க தொடவே இல்லல்லா."

வடிவு இன்னொரு முறை, நகத்தால் அழுத்தி வருடினாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, எப்போது தொடுவீர்கள் என்பதுபோல்.

வடிவு குனிந்து உற்றுப் பார்த்தாள். உப்பிய விரல்கள் இப்போது பளபளவென்று மின்னின. கட்டுக்குள்ளே கால் வீங்குகிறது. வீங்க இடமில்லாமல் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. அப்படியானால் முதலில் வலிதான் வந்திருக்க வேண்டும், ஊரையே கூட்டுகிற வலி. நரம்பு மரத்துப்போவதெல்லாம் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். அவள் பெருவிரலைப் பிடித்து மெதுவாக மேல்பக்கம் வளைத்தாள். பழைய நாட்களில் இந்த இடத்தில் பிள்ளை உயிர்போகிறமாதிரி கத்தும், அந்தக் கத்தலிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிடும். தர்ணிகா கத்தவில்லை. இமைகூடத் தட்டவில்லை.

அப்போதுதான் வடிவுக்கு உறைத்தது. தான் பார்க்க வேண்டிய முகம் இது இல்லை.

விரலை விடாமல் தலையை மட்டும் திருப்பினாள். சொரிமுத்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் விரலை இன்னும் கொஞ்சம் வளைத்தாள். மூட்டைகளைச் சுமந்து உரமேறிய அந்தத் தோள்கள் இரண்டும் தூக்கிப்போட்டன. கம்பி கிறீச்சிட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அண்ணாச்சி, திரும்புங்க."

திரும்பினார். கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"எவ்வளவு?"

"மூணு."

"என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"மூணுதான், சிஸ்டர்."

வடிவு அவர் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தாள். நான்கு நகங்களும் சதைக்குள் இறங்கி வரிசையாகப் பிறை வடிவத்தில் வெட்டியிருந்தன. ஒன்றிரண்டு காய்ந்துபோனவை, மற்றவை புதிது. மதியத்திலிருந்து இந்தக் கை இப்படித்தான் இருந்திருக்கிறது. அவளும் மணிக்கொரு தடவை வந்து மூணு மூணு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்து வார்டைப் பார்த்தாள். வரிசையாகக் கட்டில்கள், வரிசையாக ஸ்டூல்கள். ஒவ்வொரு ஸ்டூலிலும் ஒரு அம்மாவோ அப்பாவோ, கையை மடக்கி இறுக்கியபடி. ஜைனம்பு இரண்டு கையையும் முழங்காலுக்குள் செருகி வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் இந்த வார்டில் யாருமே ஐந்துக்கு மேல் சொன்னதில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு நினைவு வந்தது. நுழைவாசலில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்: 'எங்கள் குழந்தைகளின் சராசரி வலி மூன்று.' அதைக் கடந்துதான் அவள் தினமும் பெருமையோடு உள்ளே வருவாள்.

டியூட்டி டாக்டர் நிஜாமுதீன் ஓடிவந்தார். எலும்பு டாக்டருக்கு மேல்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிற இளைஞர். காலைப் பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது.

"நாடி கிடைக்குது, சிஸ்டர். நிறமும் நல்லாருக்கு. ஆனா நீங்க நினைக்கிறதுதான் எனக்கும் பயமா இருக்கு."

"கட்டப் பிரிச்சிருவோம், டாக்டர்."

"பிரிச்சா எலும்பு நகந்துரும். சீஃப் வச்ச எலும்பு. அதோட, நாம நினைக்கிறது நிஜம்னா கட்டப் பிரிச்சா மட்டும் பத்தாது, சதையையும் திறந்துவிடணும். அவர் வந்தாகணும்."

சீஃப் என்கிற அந்தப் பெரிய டாக்டர் கீழே தியேட்டரில் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். யாரோ அவர் காதில் போனைப் பிடித்தார்கள். நிஜாமுதீன் ஸ்பீக்கரில் போட்டார்.

"தாங்கி எவ்வளவு சொல்றான்?"

"மூணு, சார்."

"காலையிலேருந்து?"

"மூணுதான் சார். ஆனா..."

"மூணுக்கெல்லாம் கட்டப் பிரிக்கணும்னா ஒரு பிள்ளைக்கும் எலும்பு சேராதுப்பா. நம்பர் மாறினா கூப்பிடு." போன் அணைந்துவிட்டது.

வடிவு சொரிமுத்துவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் இப்பிடிச் செய்தீங்க? பிள்ள கால் சாகுது உள்ள. நேரம் போச்சின்னா எடுக்க வேண்டியதுதான். புரியுதா? மூணுன்னு சொல்லிச் சொல்லி..."

"நேந்துக்கிட்டேன், சிஸ்டர்."

"என்னது?"

"அவ எந்திரிச்சி நடக்கவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "வருசா வருசம் கோயில் கொடைக்குப் பூக்குழி எறங்குதவன் நான். எறங்குதவன் சுடுதுன்னு சொல்லலாமா? சொல்லிட்டா வேண்டுதலே கெட்டுப்போச்சின்னு அர்த்தம். பிள்ளைய ஒடிச்சிப் போட்டவன் நான். இந்த வலிய வாங்கிக்கிட்டுச் சும்மா நிக்கத விட்டா எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? ஏழத் தாண்டுனா அவகிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்னு நீங்கதான சொன்னீங்க?"

வடிவு சொன்னதுதான். எல்லோரிடமும் சொல்வாள், சிரித்த முகமாக.

"அண்ணாச்சி," என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு. "பூக்குழிக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிப்பாங்கல்லா? எதுக்கு நிக்காங்க?"

"விழுந்தா இழுக்க."

"விழுந்தவன் கையக் குடுக்காம, நான் நேந்துருக்கேன்னு நெருப்புலயே கெடந்தா என்ன செய்யதுக்கு? இதுல விழுந்தது நீங்க இல்ல. அவ. வலி அந்தப் பிள்ள காலு பேசுத பேச்சு, அண்ணாச்சி. என்னைக் காப்பாத்துங்கன்னு இவ்வளவு நேரமாக் கத்துது. அந்த வாய உங்ககிட்ட மாட்டிவிட்டுட்டோம், நீங்க பொத்தி வச்சிருக்கீங்க."

சொரிமுத்து கண்ணை மூடினார். உதடு அசைந்தது, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"பத்து" என்றார். "மதியத்துலருந்தே பத்து."

நிஜாமுதீன் மறுபடி போன் செய்தார்.

"இப்பத்தான் மூணுன்ன, அதுக்குள்ள பத்தா?" சீஃபின் குரலில் சந்தேகமும் களைப்பும் சரிபாதியாக இருந்தன. "யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. பட்டையக் கழட்டிட்டு நேரா பிள்ளையப் பாரு. விரல வளச்சுப் பாரு. பிள்ளை பொய் சொல்லாது. லைன்லயே இரு."

தாங்கியின் கட்டைவிரல் ரேகைக்குத்தான் பட்டையின் பூட்டுத் திறக்கும். அவசரத்தில் யாரும் பிள்ளைக்கு வலியைத் திருப்பிவிட்டுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. சொரிமுத்து கட்டிலருகே வந்து நின்றார். அவர் கட்டைவிரல் பூட்டுவரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தாயிற்று, நேர்ச்சையும் போயிற்று. இப்போது அந்தப் பத்தையும் மகளிடமே கொடுக்கச் சொல்கிறார்கள்.

வடிவு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள். பிள்ளைகளிடம் பட்டையைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது, வலி சுவரிலிருக்கும் ஒரு டப்பாவுக்குள் போய்விடுகிறது என்று. அதையே எடுத்தாள்.

"தர்ணி, அந்த டப்பாவ ஒரு நிமிசம் நிப்பாட்டப் போறோம், என்ன? கால் கொஞ்சம் வலிக்கும். ஒனக்கு எவ்வளவு கத்தணும்னு தோணுதோ அவ்வளவு கத்து. யாரும் ஏச மாட்டோம்."

"டப்பாலயா?" தர்ணிகா கிலுகிலுப்பையைக் கீழே வைத்தாள். "அப்பாட்டல்லா இருக்கு."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நான் வெரல ஆட்டுனா அப்பா கண்ண மூடுதாங்க. அதான் நான் ஆட்டாமலே இருக்கேன்."

நிஜாமுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை விரலை ஆட்டாமலே கிடந்தபோது, அதை ஆட்ட முடிகிறதா என்று கேட்க இங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் மறைத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு காலைக் கொன்றுகொண்டிருந்தார்கள். வடிவுக்கு அழ நேரமில்லை.

"அண்ணாச்சி. இப்ப."

சொரிமுத்து கட்டைவிரலை அழுத்தினார்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த வார்டில் பல வருடங்களாகக் கேட்காத சத்தம் கேட்டது. பிள்ளை வடிவின் கையில் வில்லாக வளைந்து, அம்மா அம்மா என்று அலறியது. நிஜாமுதீன் விரலைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கட்டில்களிலும் பிள்ளைகள் மிரண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் இன்னொரு பிள்ளை வலியில் அழுது கேட்டதே இல்லை. வடிவு அந்த உடம்பை இறுக்கிக்கொண்டாள். எந்தச் சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருடம் பட்டைகளைப் பூட்டினாளோ, அதே சத்தம். அன்று முழுக்க அவள் கேட்டவற்றில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.

"தியேட்டருக்குக் கொண்டு வா!" போனிலிருந்து சீஃப் கத்தினார். "வரும்போதே கட்டப் பிள. எலும்பு கிடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

சொரிமுத்து அதற்குள் பட்டையைத் திரும்பப் பூட்டியிருந்தார். அலறல் பாதியில் நின்று பிள்ளை விக்கித்துப்போய் முழித்தது. ரம்பம் மாவுக்கட்டில் இறங்கியபோது, மீதி அலறலை அவர் அலறினார், தொண்டை கிழிய, வெட்கமில்லாமல். தள்ளுவண்டியோடு லிஃப்ட்வரை அலறிக்கொண்டே ஓடினார். மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "கத்துப்பா, சிஸ்டர் ஏச மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

கால் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று சீஃப் வடிவைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

மறுநாள் காலை தர்ணிகா ஜன்னலோரக் கட்டிலுக்கே வந்துவிட்டாள். காலின் இரண்டு பக்கமும் நீளமாகத் திறந்து, தைக்காமல், கட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் தைப்பார்கள். தியேட்டரில் கொடுத்த மருந்து தெளிந்துகொண்டிருந்தது. சொரிமுத்துவை எதிர்க்கட்டிலில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். அவரால் இனி இரண்டு நாளைக்குப் பட்டை போட முடியாது. தாய்மாமன் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

"மாமன் வார வரைக்கும் நான் போட்டுக்கிடுதேன்" என்றாள் வடிவு. ஆளில்லாத பிள்ளைகளுக்கு நர்சுகள் தாங்கியாக இருக்க விதியில் இடமுண்டு, டியூட்டி இல்லாத நேரமாக இருந்தால். அவள் யூனிபார்மைக் கழற்றிவிட்டுச் சேலையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எத்தனையோ கழுத்துகளில் பூட்டிய பட்டையை அவள் தன் கழுத்தில் போட்டுக்கொள்வது அதுதான் முதல் தடவை. குளிர்ச்சியாக இருந்தது. பூட்டு மாட்டிய சத்தம் கேட்டது.

வடிவு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். இத்தனை பேருக்கு விளக்கிச் சொன்னவள், ஒன்றும் தெரியாமல்தான் சொல்லியிருக்கிறாள். அவள் கால் நன்றாகத்தான் இருந்தது, தரையில் ஊன்றியிருந்தது. அதே காலை யாரோ நீளவாக்கில் பிளந்து உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

தர்ணிகா கண் விழித்து அவளைப் பார்த்தாள். முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். வடிவு கண்ணை மூடாமல் சிரித்துக் காட்டினாள். பிள்ளை மெல்லக் கிலுகிலுப்பையை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டியது.

"வலிக்காட்டி?"

"இல்ல சிஸ்டர். தம்பி எப்ப வருவான்?"

காலை டியூட்டி நர்ஸ் பிரின்சி பலகையோடு வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"எவ்வளவு, சிஸ்டர்?"

வடிவு வாயைத் திறந்தாள். ஏழைத் தாண்டினால் கழற்ற வேண்டும். மாமன் இன்னும் மதுரைகூடத் தாண்டியிருக்க மாட்டான். அலமாரியில் போர்வைகள். எதிரே பிள்ளை கிலுகிலுப்பைக்குள் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு" என்றாள்.

பிரின்சி எழுதிக்கொண்டு ஜைனம்புவின் கட்டிலுக்குப் போனாள். "உங்களுக்கு?" "ரெண்டு."

வடிவுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே ஏறவில்லை. எதிர்க்கட்டிலில் ஏதோ அசைந்தது. சொரிமுத்து தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் முழுவதும் போயிருந்தது. டிரிப்ஸ் ஏறாத கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து அவளுக்குக் காட்டினார். பிறகு அவள் மடியைக் கண்ணால் சுட்டினார்.

வடிவு குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல்கள் இறுகி மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"பிரின்சி."

"என்ன, சிஸ்டர்?"

"மூணுன்னு எழுதுனத அழிச்சிரு. ஒம்பது."

பிரின்சி பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பது என்ற எண்ணை அந்தப் பலகையில் யாரும் எழுதியதில்லை. "அப்ப... கழட்டணும்லா சிஸ்டர்? பிள்ளைக்குத் திரும்பிருமே?"

"கழட்ட மாட்டேன். சீஃபக் கூப்பிடு. தியேட்டர்ல இருக்க மருந்து இப்ப இங்க வந்தாகணும்னு சொல்லு. நர்ஸ் கேக்கான்னு சொல்லாத, தாங்கி கேக்கான்னு சொல்லு. வார வரைக்கும் மணிக்கொருக்க வந்து கேளு, நானும் ஒம்பதுன்னே சொல்லுதேன். கேக்கும்போது மூஞ்சப் பாக்காத. கையப் பாரு."

பிரின்சி தலையாட்டிவிட்டுப் போனைத் தேடிக்கொண்டு நடந்தாள். ஜைனம்புவின் கட்டிலைத் தாண்டும்போது ஒரு கை நீண்டு அவள் யூனிபார்மைப் பிடித்தது.

"சிஸ்டர்," என்றாள் ஜைனம்பு, மகனுக்குக் கேட்காத குரலில். "நான் சொன்னதையும் அழிச்சிருங்க."